மாறும் என்றார் டாக்டர்

முதலில் என் கை தலைக்கு ஏறாமல் போனது. ஆபீசுக்குப் புறப்படும் அவசரத்தில் கண்ணாடி முன் நின்று பின்னலைப் பாதி போட்டிருந்தேன். இரண்டு கையும் தோளோடு கனத்துத் தாமாக இறங்கிவிட்டன. மறுபடி தூக்கினேன், மறுபடி இறங்கின. வலி கொஞ்சமும் இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே யாரிடமாவது காட்டியிருப்பேன்.

"ஏன்னா, கை பொங்க மாட்டேங்கறது" என்றேன்.

என் கணவர் ரமணி மாயவரத்துக்காரர். என்னைக் கல்யாணம் செய்துகொண்டு கரமனைக்கு வந்து அரை ஆயுள் கழிந்த பிறகும் எங்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பதை அவர் விடவில்லை. மலையாளத்தில் பொங்குவது என்றால் மேலே எழும்புவது. எங்களைப் போன்ற திருவனந்தபுரத்துத் தமிழர்கள் வீட்டில் அந்த வார்த்தை எப்போதோ குடிவந்துவிட்டது. "பொங்கறதுக்கு அதென்ன பாலா?" என்று கேட்டபடி பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, மீதிப் பின்னலை அவரே போட்டுவிட்டார். கோணல் பின்னலோடு ஆபீஸ் போனேன்.

எனக்கு வந்தது வந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல ஊரே இருக்கிறது, அதற்கு நான் வேண்டாம். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்துக்குள் உங்களுக்கு உபயோகமான சங்கதி ஒன்று கிடக்கிறது.

கைக்குப் பிறகு தொடை. கரமனை ஸ்டாப்பில் பஸ் வந்து நிற்கும். படியில் கால் வைத்து உந்தினால் உடம்பு மேலே வராது. பின்னால் நிற்பவர்கள் "ஒன்னு கேறு சேச்சி" (கொஞ்சம் ஏறுங்கள் அக்கா) என்று அவசரப்படுத்துவார்கள். ஒருநாள் கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். அவமானத்தில் டிக்கெட் வாங்கக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் கண் இமைகள். இரண்டும் மெல்லிய கத்திரிப்பூ நிறத்துக்கு வந்தன. ஆபீசில் பக்கத்து மேஜை ஷீபா, "சேச்சி மேக்கப்பொக்கெ தொடங்கியோ? நல்லா இருக்கு கேட்டோ" என்றாள். இரண்டு நாள் அந்தப் புகழ்ச்சியில் நானும் மிதந்தேன் என்பதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. விரல் முட்டிகளின் மேல் சிவப்புத் தடிப்பு வந்த பிறகுதான், இது மேக்கப் இல்லை என்று இருவருக்கும் உறைத்தது.

ஆரியசாலையிலிருந்து மன்னி (என் அண்ணா மனைவி) நெல்லிக்காய் லேகியத்தோடு வந்தாள். "எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சுடீ விஜி. கொரோனாவுக்கப்புறம் எல்லாருக்கும் இப்படித்தான் ஆக்கும்" என்றாள். கொரோனா போய்விட்டது, அந்த வார்த்தையை மட்டும் நம் வாயில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கை வலித்தால் எதிர்ப்புச் சக்தி, முடி கொட்டினால் எதிர்ப்புச் சக்தி. லேகியத்தை வழித்து வழித்துத் தின்றேன். சக்தி ஏறியதோ இல்லையோ, சர்க்கரை ஏறியது.

கடைசியில் மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் போனோம். ஒரு தனியார் மருத்துவமனை. என் பெயரைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது. "நீங்க தமிழாம்மா? நான் மதுரை" என்றார். எனக்கும் சந்தோஷம். பிறந்ததிலிருந்து எந்த டாக்டரிடமும் வியாதியை மலையாளத்தில்தான் சொல்லிப் பழக்கம். இங்கே தமிழில் சொல்லலாம். நம்ம மனுஷர் என்று நினைத்தேன்.

தசையில் துளி எடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வந்த பெயர் டெர்மடோமயோசைட்டிஸ் (தோலும் தசையும் சேர்ந்து அழற்சி காணும் நோய்). தன்னெதிர்ப்பு நோய்களில் (உடம்பின் பாதுகாப்புப் படை தன் உறுப்பையே தாக்கும் நோய்களில்) அது ஒரு வகை. "வேலியே பயிரை மேயுற கதைதான்மா" என்றார். மன்னி நினைவுக்கு வந்தாள். எனக்குச் சக்தி குறைவில்லை, கொழுப்பு ஜாஸ்தி என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல் கவனமாகப் படியுங்கள். என் வாழ்க்கையில் சில மாதங்கள் காணாமல் போன இடம் இதுதான்.

ரமணி ஸ்கூட்டருக்கு நிழல் தேடிப் போயிருந்தார். அறையில் நானும் டாக்டரும் மட்டும். ரத்தப் பரிசோதனையில் ஒரு எதிர்ப்பொருள் (பாதுகாப்புப் படை தயாரித்து அனுப்பும் ஆயுதம்) தென்பட்டிருக்கிறது என்றார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவான குரலில் சொன்னார்: "உங்க வயசுல, இந்த எதிர்ப்பொருள் இருக்கிற சில பேருக்கு, இது மாறும்மா. அதனால ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம்."

மாறும்!

கரமனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு 'மாறும்' என்றால் குணமாகும். காய்ச்சல் மாறிவிட்டதா என்றுதான் நாங்கள் விசாரிப்போம். சுற்றிலும் இருக்கும் மலையாளமும் அதையேதான் சொல்கிறது. எனக்குக் கேட்டது இது: சில பேருக்கு இந்த நோய் குணமாகும், நீயும் அந்தச் சில பேரில் ஒருத்தி, குணமாகிவிட்டதா என்று ஸ்கேனில் பார்க்கலாம்.

கண்ணில் நீர் முட்டியது. "மாறினப்புறம் எடுத்தாப் போறாதோ டாக்டர்?" என்று கேட்டேன்.

அவருக்கு என்ன கேட்டதோ, தெரியாது. கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா, மாத்திரை ஆரம்பிப்போம். அடுத்த தடவை பேசிக்கலாம்" என்றார். அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் அவர் பேசவில்லை. நான் தேறி வருவதைப் பார்த்து இருவருமே சிரித்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்து ரமணியிடம் "மாறும்னுட்டார்" என்றேன். இதே வாக்கியத்தை டாக்டர் வாயிலிருந்து அவர் கேட்டிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மாயவரத்தில் நோய் மாறும் என்றால் வேறொன்றாக ஆகும் என்றுதான் பொருள். ஆனால் சொன்னது நான். என் வாயிலிருந்து வரும் 'மாறும்' எப்போதுமே குணமாகும்தான் என்று இத்தனை வருஷத்தில் பழகிப்போயிருந்தார். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. வழியில் வண்டியை நிறுத்தி அல்வா வாங்கினார்.

ஸ்டீராய்டு மாத்திரை (பாதுகாப்புப் படையை அடக்கும் மருந்து) வேலை செய்தது. முகம் வீங்கினாலும் கை மேலே போனது. பின்னலை நானே போட்டேன். பஸ் படியில் நானே ஏறினேன். மாறிக்கொண்டிருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

பிறகு ஒரு மத்தியானம் ரசம் சாதம் மூக்கு வழியாக வந்தது. புரையேறியதாக நினைத்துத் தலையில் தட்டிக்கொண்டேன். அடுத்த வாயும் அப்படியே. தொண்டைத் தசை விழுங்க மறந்துவிட்டது. தண்ணீர்கூட உள்ளே போகாமல் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் திரும்பிக்கொண்டிருந்தது. இமைகள் முன்பைவிட அடர்த்தியாகச் சிவந்திருந்தன. அத்தனையும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே.

இம்முறை ரமணி பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே என்னை எடுத்துக்கொண்டவர் டாக்டர் பிந்து. கொல்லத்துக்காரர், என்னைவிடச் சின்னவர். என் விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்தார். பழைய ரத்த ரிப்போர்ட்டைப் படித்தார். தலை தூக்காமலே, "வயறு ஸ்கேன் எவிடெ?" என்று கேட்டார். எடுக்கவில்லை என்றேன். அவர் ரமணியைப் பார்த்தார், ரமணி என்னைப் பார்த்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் செருகி, அதில் கஞ்சி விட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. டாக்டர் பிந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சேச்சி, கேன்சராணு" என்றார். "ஓவரியில். கொறச்சு பரந்நிட்டுண்டு." சூலகத்தில் (கருமுட்டை உண்டாகும் உறுப்பில்) புற்று, கொஞ்சம் வயிற்றுக்குள் பரவியும் இருக்கிறது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதற்காக அவரைக் கடைசி வரை மறக்கமாட்டேன்.

மற்றதையும் அவர்தான் விளக்கினார். மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். புற்று செல்களை அடையாளம் கண்டு அழிப்பது பாதுகாப்புப் படையின் அன்றாட வேலை. என் சூலகத்தில் புற்று சின்னதாக இருக்கும்போதே அந்தப் படை அதைக் கண்டிருக்க வேண்டும். ஆயுதம் செய்து சண்டைக்குப் போயிருக்கிறது. ஆனால் புற்று செல்லில் உள்ள ஒரு புரதமும் தசையில் உள்ள ஒரு புரதமும் ஒரே ஜாடை. புற்றுக்கு விழ வேண்டிய அடி தசைக்கும் தோலுக்கும் விழுந்திருக்கிறது. முழுக்க நிரூபணமாகவில்லை, ஆனால் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார். எல்லாத் தன்னெதிர்ப்பு நோய்க்கும் இது பொருந்தாது என்றும், என் வகை நோயிலும் பலருக்குப் புற்றே இருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனால் தேடிப் பார்க்காமல் விடக்கூடாது.

நான் குழாயோடு படுத்திருந்தேன். பேச முடியாது. மனசுக்குள் அந்த மதுரைக்காரர் குரல் கேட்டது: வேலியே பயிரை மேயுற கதைதான்மா. அடப் பாவி! வேலி எங்கே மேய்ந்தது? பயிருக்குள் மாடு புகுந்துவிட்டது. அதைக் காவல்காரன் விரட்டி ஓடிய ஓட்டத்தில் பயிர் மிதிபட்டது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து என்ன செய்தோம்? மாட்டைப் பார்க்கவே இல்லை. விரட்டியவன் காலைக் கட்டிப் போட்டுவிட்டு, பயிர் தலை தூக்குகிறது என்று அல்வா சாப்பிட்டோம்.

இதை எழுதிக் கேட்டேன். ஸ்டீராய்டு என் காவலைக் கெடுத்துவிட்டதா? டாக்டர் பிந்து ஒரேயடியாக ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாத்திரை இல்லாதிருந்தால் விழுங்கும் தசையோடு மூச்சுத் தசையும் படுத்திருக்கும் என்றார். இதைப் படிப்பவர்கள் என்மேல் சத்தியமாக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டு மாட்டைத் தேடாமல் விட்டார்களே, அதன் மேல்தான்.

இப்போது டாக்டர்கள் நடக்க வேண்டியிருந்தது கத்தி முனையில். படையை ரொம்ப அடக்கினால் புற்றுக்குக் கொண்டாட்டம். அடக்காவிட்டால் தொண்டை திறக்காது. கடைசியில் இம்யூனோகுளோபுலின் (பலர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்கள்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். படையை ஒரேயடியாகப் படுக்கப் போடாமல் சமாதானப்படுத்தும் மருந்து அது. உடம்பு கொஞ்சம் தாங்கும் என்றானதும் அறுவை சிகிச்சை. சூலகம், கருப்பை, வயிற்றுக்குள் பரவியிருந்த இழைகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். பிறகு கீமோதெரபி.

ஊர் சும்மா இருந்ததா? "எதிர்ப்புச் சக்தி அவ்வளவு ஜாஸ்தின்னா கேன்சர் எப்படி வரும்?" என்று மன்னி கேட்டாள். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். நானே அதை வரவழைத்துக்கொண்ட மாதிரி. இன்னொருவர், பாதுகாப்புப் படையின் கடிவாளத்தைக் கழற்றிவிடும் புதுப் புற்றுமருந்து பற்றி வாட்ஸாப்பில் அனுப்பி, ஏன் இதைப் போடவில்லை என்று ரமணியை அதட்டினார். ஏற்கெனவே தறிகெட்டு ஓடும் படையின் கடிவாளத்தைக் கழற்றினால் என் தசை என்ன கதியாகும் என்று ரமணி பொறுமையாக விளக்கினார். என்னிடம் கேட்டிருந்தால் விளக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, புற்றை எடுத்த பிறகு இமை வெளுக்கத் தொடங்கியது. கீமோவில் முடி கொட்டி, வாய் புண்ணாகி, எலும்பும் தோலுமாக இருந்த நாட்களில்தான் என் கை தலைக்கு மேலே போனது. பின்னுவதற்குத்தான் முடி இல்லை. குழாயை எடுத்ததும் முதலில் ரசம்தான் கேட்டேன். ரமணி ஆற வைத்து ஸ்பூனால் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். உள்ளே போனது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனார், அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

நடக்க முடிந்ததும் மதுரை டாக்டரைப் பார்க்கப் போனேன். வேண்டாம் என்றார் ரமணி. "போனா என்ன ஆகப்போறது விஜி?" ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா?

தலைத்துணியோடு எதிரே உட்கார்ந்தவளை அவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகம் வாடியது. "நான் அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றார்.

"என்ன சொன்னேள்?"

"சில பேருக்கு மாறும்னு…"

"எப்படி மாறும்? நல்லதாவா, கெட்டதாவா?"

கூட வந்திருந்த ரமணிதான் எழுந்து நின்று சொன்னார்: "இவா ஊர்ல மாறறதுன்னா குணமாறது டாக்டர். இவ குணமாகும்னு எடுத்துண்டா. ஸ்கேன் எடுக்காம சந்தோஷமா ஆத்துக்கு வந்தா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். உண்மையிலேயே அதிர்ந்துபோயிருந்தார், அதை மறுக்கமாட்டேன். "இங்க வந்து ஏழெட்டு வருஷம் ஆச்சு, இது எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு, "அந்தப் பேரை எடுத்த எடுப்புல சொன்னா பயந்துருவீங்கன்னுதான் நயமா…"

"பயப்படறதுக்கு விட்டிருக்கலாமே டாக்டர்! பயந்திருந்தா அன்னிக்கே ஸ்கேன் எடுத்திருப்பேன். மலையாளத்துல ஒருத்தர் கேன்சர்னு மூஞ்சிக்கு நேரா சொன்னார், எனக்குப் புரிஞ்சுது. நீங்க என் பாஷையில சொன்னேள், எனக்குப் புரியாமப் போச்சு. தமிழ்ல பேசறேளேன்னு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமோ?"

குரல் உடைந்துவிட்டது. அவர் முன்னால் அழக்கூடாது என்று நினைத்துப் போனேன், அழுதேன். மன்னிச்சிருங்கம்மா என்றார். மன்னிப்பதற்கு நான் போகவில்லை, மன்னிக்கவும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மாதங்கள் கையில் இருந்திருந்தால் புற்று பரவியிருக்காதா என்று டாக்டர் பிந்துவிடம் ஒருநாள் கேட்டேன். "அறியில்ல சேச்சி" என்றார். தெரியாது. பரவியது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாததோடுதான் மிச்ச நாளும் இருந்தாக வேண்டும். இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் உங்களிடம் நயமாக எதையாவது சொன்னால் எழுந்து வராதீர்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், அதற்கு நேரான பெயர் என்ன என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பயம் வந்தால் வரட்டும்.

திரும்ப ஆபீஸ் போகிறேன். பஸ் படியில் ஏறும்போது மட்டும் தொடையிடம் மனசுக்குள் அனுமதி கேட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்காது. இப்போது அது என்கூட இருக்கும் இன்னொரு ஆள். நான் திட்டித் தீர்த்த அந்த ஆள்தான், எல்லாருக்கும் முன்னால், எங்கள் யாருக்கும் கேட்காத பாஷையில் கேன்சர் என்று கத்தியிருக்கிறது. வருஷம், மாதம் என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். காலையில் இமை என்ன நிறம், அவ்வளவுதான் என் பஞ்சாங்கம்.

புற்று திரும்பி வந்தால் இமை மறுபடி சிவக்கலாம் என்று டாக்டர் பிந்து சொல்லியிருக்கிறார். அதனால் தினமும் பல் தேய்த்ததும் வாசல் வெளிச்சத்துக்கு வந்து கண்ணை மூடி நிற்பேன். ரமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்ப்பார். அவர் மூச்சு முகத்தில் படும்.

"மாறியிருக்கா?" என்பேன்.

"மாறலை" என்பார்.

அவர் ஊர்த் தமிழில், எல்லாம் நேற்று மாதிரியே இருக்கிறது, பயமில்லை என்று அர்த்தம். என் ஊர்த் தமிழில், இன்னும் குணமாகவில்லை என்று அர்த்தம். இப்போது இரண்டும் எனக்குக் கேட்கிறது. கண்ணைத் திறந்து உள்ளே போய், காப்பியை எடுத்து, முதல் மடக்கை மெதுவாக விழுங்குகிறேன்.